இரவலாகக் கேட்ட ஓடை

தோட்டத்து மக்களிடம் அவர்களுடைய ஓடையைக் கேட்டு வாங்கி, அதற்கு மாற்றாக மின்சாரத்தின் நன்மைகளை எடுத்துரைப்பது ஒரு காலத்தில் என் தொழிலாக இருந்தது. பிறர் கொடுத்த வாக்குறுதியைத் தம் வாயால் சொல்லி, அதற்குரிய திட்டையும் தாமே வாங்கிக்கொண்டவர்கள் உங்களுள் எவரேனும் இருப்பின், அவர்கள் என் இனத்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு அப்பால் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஓடைநீரால் இயங்கிப் பின்னர் கைவிடப்பட்ட சிறு மின்நிலையத்தைப் புதுப்பிக்க முடிவு செய்தார்கள். மலையின் மேற்புறத்தில் ஓடையை மறித்து ஒரு தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து குழாய் வழியே கீழேயுள்ள தொழிற்சாலைக்கு இறக்குவது திட்டம். கொழும்பிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து சேர்ந்தார். மக்களுக்கு விளக்கிச் சம்மதம் பெற, திட்டத்தை நடத்தியவர்கள் என்னைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். சில வாரங்களிலேயே எனக்குக் ‘கரண்ட் மிஸ்’ என்று பெயர் விழுந்தது. அதை நான் விரும்பவுமில்லை, மறுக்கவுமில்லை.

முதற் கூட்டம்

கூட்டம் புள்ளக் காம்பராவில் நடந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. குழந்தைகளுக்கான குட்டை வாங்குப் பலகைகளில் பெரியவர்கள், முழங்கால் மோவாயில் இடிக்க, மரியாதையாக அமர்ந்திருந்தார்கள். எஞ்சினியர் சிங்களத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னேன். மின்நிலையம் தண்ணீரைக் குடித்துவிடாது, இரவலாக வாங்கித் தொழிற்சாலைக்குக் கீழே மீண்டும் ஓடையிலேயே விட்டுவிடும் என்பது அவர் வாதம். அழகான வாதம் என்றே நானும் எண்ணினேன்.

அப்போது ஓடைக்கரை லயத்து முத்தம்மா எழுந்தாள். தொட்டிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள் அந்த லயம். பழைய மின்நிலையம் நின்றுபோன பிறகு கட்டப்பட்டதாகையால், அங்குள்ளவர்களைப் பற்றி எவரும் யோசித்திருக்கவில்லை. குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும், ஓடையிலிருந்து தகரக் குழாய் வைத்து இறக்கிய ஒரே பீலியில்தான். முத்தம்மா எஞ்சினியரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எரவல் வாங்குனா வாங்குன வீட்டுலதானேங்க திருப்பிக் குடுக்கணும்? பக்கத்து வீட்டுல குடுத்துட்டு, தீந்துருச்சுன்னா எப்புடிங்க மிஸ்?”

நன்மைகள்

ஆயினும், சம்மதத்துக்குக் காத்திராமல் வேலை நடந்தது. மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மின்வெட்டு நாட்களில் தொழிற்சாலையில் உறுமும் டீசல் எஞ்சின் வாயை மூடிக்கொண்டது. தொழிற்சாலையை ஒட்டிய லயத்தில் கொடியில் காயும் வேட்டிகள் முதன்முறையாகப் புகைக்கரி படியாமல் வெள்ளையாகவே காய்ந்தன. அங்கே போனால் எனக்குத் தேநீர் கிடைத்தது, முறுக்குங்கூடக் கிடைத்தது. ஓடைக்கரை லயத்திலோ உட்காரப் பலகைகூடக் கிடைக்கவில்லை. பீலியில் தண்ணீர் நூலாய் இழைந்தது. ஓடையோரத்து வல்லாரை வாடிச் சுருண்டிருந்தது. முத்தம்மா குடத்தைப் பீலியின் கீழ் வைத்துவிட்டு, அது நிறைவதற்குள் அரிசி களைந்து, பிள்ளைக்குத் தலை வாரி, என்னையும் ஒரு பார்வை பார்த்து முடித்துவிடுவாள்.

என் முகவாட்டத்தைக் கண்ட கண்டாக்கு ஐயா, மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், பரிவோடு ஆறுதல் சொன்னார்: “கவலப்படாதீங்க மிஸ். தண்ணி கொறைஞ்சதுல அந்தப் பக்கம் அட்டையும் கொறைஞ்சிருச்சுல்ல? அதையும் நன்மையில சேத்துக்குங்க.”

வெளிச்சம்

உண்டான மின்சாரம் தொழிற்சாலைக்கு மட்டுமே போனது. லயங்களுக்குக் கம்பி இழுப்பது திட்டத்தில் இல்லை என்பதை நான் விளக்கியபோது, குப்பி விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த முத்தம்மாவின் மாமனார் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “தண்ணி எங்களுது, வெளிச்சம் பெக்டரிக்கு. இருட்டாவது எங்களுக்கே இருக்கட்டும்னு விட்டுட்டீங்களாக்கும்.”

கம்பளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் காற்றாடிகள் சோர்ந்து நின்றன. எஞ்சினியர் மூச்சிரைக்க மேலே ஏறினார், நானும் போனேன். தொட்டியைச் சுற்றி ஓடைக்கரை லயமே கூடியிருந்தது. சீமெந்துக் கரை, தெளிந்த தண்ணீர், வசதியான படிகள். தோட்டத்தில் இதுவரை எவரும் கட்டித்தராத அருமையான துவைக்குந்துறை என்று அவர்கள் முடிவு செய்ததில் பிழை காண என்னால் இயலவில்லை. குழாயின் வாயிலிருந்த கம்பித் தடுப்பை, யாரோ கைநழுவ விட்ட கம்பளி ஒன்று முற்றாக அடைத்திருந்தது.

முழங்கை வரை நனைந்து அதை இழுத்தெடுத்த எஞ்சினியர், தோட்டத்தின் மின்சாரத்தையே நிறுத்திய குற்றவாளியைப் போல் அதைத் தூக்கிப் பிடித்து, யாருடையது என்று அதட்டினார். முத்தம்மா கையை நீட்டினாள்: “என்னுதுதாங்க தொரை. நல்லாப் பிழிஞ்சு குடுங்க, நாளைக்கு மழைக்குப் போத்திக்கிட்டுப் போகணும்.”

கரகம்

அம்மன் திருவிழா வந்தது. கரகத்தை ஓடையோரம் வைத்துப் பூச்சுற்றி, பூசை செய்து ‘பாலித்து’, அங்கிருந்து ஊர்வலமாக எடுத்துவருவது வழக்கம். ஓடையிலோ கற்கள் மட்டுமே இருந்தன. தொட்டியருகே வைத்தால் என்ன என்று எஞ்சினியர் கேட்டார். அது தேங்கிய தண்ணீர், ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும் என்று பூசாரி ஒரே பிடியாய் நின்றார். தப்புமேளச் சத்தம் நின்றது. ஊரே காத்து நின்றது. தோட்டத்தை நிர்வகித்த துரை, தொட்டிக்குப் போகும் மதகை அன்று முழுதும் மூடச் சொன்னார். தண்ணீர் பழைய பாதையில் துள்ளிக்கொண்டு வந்தது. தொழிற்சாலை பொது மின்சாரத்தில் ஓடியது. வானம் இடிந்து விழவில்லை.

மறுநாள் மதகு திறந்தது, பீலி மீண்டும் வறண்டது. பெரட்டுக்களத்தில், வேலை பிரிக்கும் நேரத்தில், ஓடைக்கரை லயத்துப் பெண்கள் முதுகில் கூடையோடும் இடுப்பில் வெறுங்குடத்தோடும் வரிசையாக நின்றார்கள். துரை காரணம் கேட்டார். முத்தம்மா சொன்னாள்: “நேத்து சாமி குளிச்சிருச்சுங்க தொரை. நாங்க எப்பங்க குளிக்கிறது?”

மதகு

துரை சிரிக்கவில்லை, என் பக்கம் திரும்பி, “மிஸ் என்ன சொல்றீங்க?” என்றார். மின்நிலையம் ஓயாமல் ஓட வேண்டும் என்று விரும்பியவர்களே எனக்கு வேலை தந்தவர்கள். ‘மாட்டேன்’ என்ற பதிலைக் கொண்டுபோனால் என் இடம் நிலைக்காது. நான் சொன்னேன்: இவர்கள் மறுக்கவில்லை, நேரம் கேட்கிறார்கள், காலையில் பெரட்டு முடியும் வரையும், மாலையில் கொழுந்தை எடைபோட்டு வந்தபின் பொழுது சாயும் வரையும் மதகை மூடினால், மிச்ச நேரத்துக்குச் சம்மதம் கிடைத்துவிட்டதாகவே நான் அறிவிப்பேன். எஞ்சினியர் தம் அரைகுறைத் தமிழில், “மிஸ், நம்ம ரெண்டு பேர் ஒரே பக்கம் இல்லையா?” என்று மனம் நொந்தார். துரை சம்மதித்தார். நொந்த எஞ்சினியரே, மிஞ்சிய கம்பியைக் கொண்டு மின்நிலையத்திலிருந்தே அந்த லயத்து வாசலுக்கு ஒரு விளக்கும் போட்டுக் கொடுத்தார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

மதகை மூடினால் பீலி நிறையும், விளக்கு அணையும். திறந்தால் விளக்கு எரியும், பீலி வறளும். இது குறையாகத் தோன்றுகிறதா என்று நான் கேட்டபோது, முத்தம்மா நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: “ரெண்டும் மாமியா மருமக மாதிரிங்க மிஸ், ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போயிருது. பரவால்ல, சண்டையில்லாம ஓடுது.”

மின்சாரத்தை உண்டாக்கியது எஞ்சினியர்தான். அதை எப்போது நிறுத்துவது என்று எல்லாரையும் உடன்பட வைப்பதற்கே எனக்குச் சம்பளம் தந்தார்கள் என்பது, பாவம், தந்தவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.