தட்டில் ஒட்டாத பூமி

தட்டு சுற்றத் தொடங்கியதும் பாதிப் பிரபஞ்சம் கங்காணியின் வெள்ளை வேட்டியில் போய் ஒட்டிக்கொண்டது. நாலு பேர் முன்னால் ஒரு சாமானைக் காட்டிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியும்: தனியாக இருக்கும்போது ஒழுங்காக ஓடுகிற எதுவும் ஆள் வந்தால் ஓடாது. என் சாமான் தனியாக இருக்கும்போதும் ஓடாது.

கங்காணி வேட்டி

சாமான் என்பது ஒரு பழைய கிராமபோன். நடுவில் ஜீப் பேட்டரியில் எரிகிற பல்பு. அது புதிதாகப் பிறந்த நட்சத்திரம். சுற்றிலும் கரிப்பொடி. இளம் நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டு மாதிரி சுழலும், அந்தத் தூசியில் கரியும் உண்டு, துகளோடு துகள் ஒட்டித்தான் பூமி உண்டானது என்று நான் சொல்ல வேண்டும். ஜீப்பில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிற அறிவியல் கண்காட்சி இது. நடத்துபவர் வர்கீஸ் மாஷ், ஓய்வு பெற்ற வாத்தியார். நான் பத்தாம் கிளாஸில் கணக்கில் விழுந்தவன். இந்த வேலை போனால் தேயிலைக்கு மருந்தடிக்கப் போக வேண்டியதுதான்.

மூணாறில் அந்தக் கங்காணி கோபப்படவில்லை. பூமி உண்டாக எத்தனை நாளாகும் என்று கேட்டார். பல கோடி வருசம் என்றேன்.

"அப்ப வேட்டியத் துவைக்க அவசரமில்ல" என்றார்.

கரி கொடுத்தவர்

பறந்து பறந்து கரி தீர்ந்துவிட்டது. சக்குபள்ளத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு எரிக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி, புகைக்குழாயைத் தட்டி ஒரு டின் கொடுத்தார். தன் கரி வானத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க அவரே வந்து முன்வரிசையில் நின்றார். பல்பையும் கரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏலே, தீக்குப் பக்கத்துல கரி நிக்காது, எரிஞ்சு போயிரும். தள்ளிக் குழாய்லதான் அடையும். நட்சத்திரத்துக்கு இம்புட்டுக் கிட்ட இருக்க பூமிக்குக் கரி எங்கேருந்துலே வந்துச்சு?"

நான் மாஷைப் பார்த்தேன். மாஷ் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணாச்சி போகும்போது சொன்னார்: "தெரிஞ்சா சொல்லியனுப்பு. டின்ன மட்டும் இப்பவே குடு."

அதிகாரி

ஜில்லாவே புதுசாகப் பிரித்தது, கல்வி அதிகாரியும் புதுசு. நாங்கள் அடுத்துப் போகிற ஆனைக்கரைக்கு வந்து பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் கண்காட்சியை நிறுத்திவிடுவார் என்று தகவல் வந்தது. மாஷ் கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். மிச்சக் கஞ்சியில் கரியைக் குழைத்து கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பூமி உருட்டினார். "எடா, தட்டு சுத்தும்போது இதை மெல்ல விட்டுரு. பூமி உண்டாயாச்சுன்னு சொல்லு" என்றார்.

அதிகாரி பத்து நிமிஷம் நின்றார். மூக்கு கறுத்துவிட்டது. பூமி எங்கே என்று கேட்டார். இன்னும் ஒட்டவில்லை, ஒருநாளும் ஒட்டியதில்லை, தீக்குப் பக்கத்தில் கரி எப்படி நிற்கும் என்றும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மாஷ் ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

அதிகாரி ஃபைலைத் திறந்து நிதானமாக எழுதினார்.

"அப்ப வேலை முடியலைன்னு போட்டுக்கிறேன். முடியாத வேலைய நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை, தம்பி. நீ சுத்து."

பல கோடி வருசத்துக்கு எனக்கு வேலை இருக்கிறது. மாஷ் தட்டில் விடச் சொன்ன பூமி மட்டும் இன்னும் என் டவுசர்ப் பையிலேயே கிடக்கிறது.