இரண்டு காலி பிளாப்பிகள்

எண்பதுகளின் இறுதியில் தருமபுரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் என் அண்ணன். தன் மகளுக்காக, திரையில் தானாகவே கோலம் விழும்படி ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். தொப்பூரில் லாரி மோதி அவர் இறந்தபின் மிஞ்சியது அதைப் பதிந்து வைத்திருந்த ஒரே பிளாப்பிதான். அது கெட்டுவிடுமோ என்ற பயத்தில் இன்னொரு பிரதி எடுக்க உட்கார்ந்தேன். எடுக்கும்போது பிளாப்பிகளை மாற்றிப் போட்டுவிட்டேன். காலி பிளாப்பியின் வெறுமை அண்ணனுடையதன்மேல் பதிந்து, அதிலிருந்ததை அழித்துவிட்டது. இப்போது என்னிடம் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒன்றுமில்லை.

அண்ணியிடம் சொல்லி அழுதேன்.

"அழுவாதீங்க தம்பி. அது அவரு இருந்தப்ப நான் வாசல்ல போட்ட கோலந்தானுங்க. அதப் பாத்துத்தான் அவரு எழுதுனாரு."

"அப்போ போட்டுக் காட்டுங்க அண்ணி. கொழந்த பாக்கட்டும்."

அண்ணி மாவு டப்பாவோடு வாசலுக்குப் போனார். குனிந்தார். முதல் புள்ளி வைக்கவே அவருக்குக் கை எழவில்லை.

இன்றும் எதையாவது பிரதி எடுக்க உட்கார்ந்தால், அந்த வெறும் வாசல்தான் கண்ணில் நிற்கிறது.