ஆளித்தண்டு ஊறிய தொட்டி

நேற்று என் கணவரின் லினன் சட்டையில் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஈர வைக்கோல் வாசனை குப்பென்று எழுந்தது. சுருக்கம் போகவில்லை, பழைய எரிச்சல்தான் வந்தது. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

வேதியியல் முடித்ததும் என் முதல் வேலை அரியலூருக்கு வெளியே ஒரு தகர ஷெட்டில். ஆளிவிதைச் செடியின் காய்ந்த தண்டு லாரியில் வந்து இறங்கும். என்சைம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தால், நாரைத் தண்டோடு பிடித்திருக்கும் பசை கரைந்து, லினன் நூலுக்கான நார் தலைமுடிபோலப் பிரிந்து வரவேண்டும். எங்களுக்கு வந்ததோ துடைப்பக்குச்சி. மூன்று மாதமும் துடைப்பக்குச்சி.

"டிகிரி வாங்குனியா, வழியில பொறுக்குனியா?" என்பார் மேனேஜர். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவுவேன். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதைத் தினமும் பார்த்தும் இந்தக் கெமிஸ்ட்ரி மேதைக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஸ்டெல்லாவுக்கு. ஏலாக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து தொட்டி வேலை பார்த்தவள், என் வயதுதான். "இந்தப் போர் தண்ணி பூரா சுண்ணாம்புடி. இதுல பருப்பே வேகாது, தண்டு எப்படிப் பிரியும்?" என்றாள். சுண்ணாம்பு சேர்ந்தால் அந்தப் பசை இறுகும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்!

சனிக்கிழமை முதலாளி வருகிறார், நல்ல நார் இல்லையென்றால் ஷெட்டை மூடிவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். எட்டுப் பெண்களின் வேலை. ஸ்டெல்லா கண்டக்டரோடு சண்டை போட்டு, இரண்டு கேன் கொள்ளிடத்துத் தண்ணீரைப் பஸ்ஸில் ஏற்றிவந்தாள். வாளியில் ஊறவைத்தோம். மறுநாள் காயவைத்துத் தட்டிச் சீவினால், வழுவழுவென்று நார். ஸ்டெல்லா அதைத் தன் பின்னலோடு சேர்த்துப் பிடித்துச் சிரித்தாள்.

மேனேஜரிடம் ஓடினேன்.

"ஆத்துத் தண்ணில என்ன மந்திரமா இருக்கு? என்சைம டபுளாப் போடு."

"சார், சுண்ணாம்பு..."

"எனக்கே சொல்லித் தரியா?"

பெரிய தொட்டியை அதே போர் தண்ணீரால் நிரப்பச் சொன்னார். நானேதான் வால்வைத் திறந்தேன்.

முதலாளி வந்தபோது மேனேஜர் ஸ்டெல்லாவை உள்ளே விடவில்லை. தொட்டியிலிருந்து வந்த குச்சிகளை அவர் ஒடித்துப் பார்த்தார். வாளியில் எடுத்த நார் என் கைப்பையில் இருந்தது. மேனேஜர் முறைத்தார். நான் ஜிப்பைத் திறக்கவில்லை. அவர்மேல் வருகிற கோபத்தைவிட எனக்கு என்மேல்தான் அதிகம்.

"நீயாவது சொல்லிருக்கலாம்ல?" ஷெட்டை மூடிய அன்று பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா அவ்வளவுதான் கேட்டாள். பிறகு அவள் திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஷெட் இல்லை. அது நின்ற மண்ணும் இல்லை. சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குவாரி அந்த இடம்வரை வந்துவிட்டது. இங்கேதான் வேலை பார்த்தேன் என்று கணவருக்குக் கையை நீட்டினேன். பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றைக் காட்டிக்கொண்டு நின்றேன்.