ஐந்தாம் எண்ணின் இடம்

புனேயில் எங்கள் வானவடி வீட்டில் டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மட்டும் ஹாலின் குறுக்கே யாரும் நடக்க மாட்டோம். அன்று அப்பாவின் கூட்டாளிகள் வருவார்கள். எழுபத்தொன்றாம் வருடப் போரில் அப்பாவோடு ஒரே விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு அடுத்தடுத்துக் குதித்தவர்கள். அவர்கள் அணியில் குதித்தது ஒன்பது பேர், திரும்பி வந்தது எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் ஓய்வு பெற்ற பிறகும் வருடம் தவறாமல் எங்கள் வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. விமானத்தின் கதவருகே நின்ற அதே வரிசையில், ஒருவர் பின் ஒருவராக ஹாலில் நிற்பார்கள். பின்னால் நிற்பவர் முன்னால் இருப்பவரின் முதுகைச் சோதித்து, தோளில் ஓர் அடி போட்டு, தன் எண்ணைச் சொல்லி "ஓகே" என்று கத்த வேண்டும். கடைசி ஆளிடம் தொடங்கி முதல் ஆள் வரை அது ஓடிவரும். பட்டாளம் என்பதால் எண்ணெல்லாம் இந்தியில்தான். முதல் ஆள் "கோ" என்றதும் ஒவ்வொருவராகச் சாப்பாட்டு அறையின் வாசலைத் தாண்டிக் குதிப்பார்கள். அறுபதை நெருங்கிய முழங்கால்கள் எழுப்பும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். "பகவானே, கீழ் ஃபிளாட்காரி மறுபடி வந்து சண்டை போடுவா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பா நான்காம் எண். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். திரும்பி வராத ஐந்தாம் எண்ணின் இடம் அது. ஆறாம் எண் சாத்தாராக்காரர். அந்தக் காலி இடத்துக்கு மேலாகக் கையை நீட்டி அப்பாவின் தோளைத் தொடுவார். விரல் நுனிதான் படும். ஐந்தாம் எண்காரர் அப்பாவைப் போலவே வேலூர்ப் பக்கத்துக்காரர் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. கேட்டால் அப்பா எழுந்து குழாயில் கை கழுவப் போய்விடுவார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆன சமயம், நான் ஹிஞ்சேவாடியில் வேலை பார்த்த கம்பெனியிலேயே ஒருவரைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். கோயம்புத்தூர்க்காரர். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேசை மேல் சொந்தத்தில் ஒரு பையனின் ஜாதகம் வேறு காத்திருந்தது. "ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு வரச்சொல்லு. எங்க ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க. ஒரு வாட்டி பாக்கறோம், அப்புறம் சொல்றேன்" என்றார். ஒரு பார்வை, ஒரு தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

நான் கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினேன். செருப்பை நேராக விடு, சம்பளத்தைப் பற்றிப் பேசாதே, உயரம் என்றால் பயம் என்று வாயைத் திறக்காதே, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, அப்பா யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். எல்லாம் சொன்னேன். வரிசையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஃபிரிஜ்ஜைப் பற்றிச் சொல்லத் தோன்றாதது போலத்தான் அதுவும். புத்தி கெட்டவள் நான்.

பன்னிரண்டு அடித்தது. ஆளைக் காணோம். அப்பா ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஃபால் இன்" என்றார். வரிசை நின்றது. பின்னாலிருந்து "நௌ ஓகே! ஆட் ஓகே!" என்று ஒன்பதாம், எட்டாம் எண்களின் குரல் கிளம்பியபோதுதான் அவர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். டிராஃபிக். நான் அப்பளத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். கண்ணால் அங்கேயே நில் என்று ஜாடை காட்டினேன். அவருக்கு அது சீக்கிரம் வா என்று பட்டிருக்கிறது.

சாப்பாட்டு அறையை நோக்கி எட்டுப் பேர், நடுவில் ஓர் இடைவெளி. கம்பெனி வண்டிக்குத் தினம் வரிசையில் நிற்கிற மனிதர் வேறு என்ன செய்வார்? பணிவாக உள்ளே நுழைந்து அந்த இடத்தில் நின்றுகொண்டார்.

"ஸாத் ஓகே!" என்று ஏழாம் எண் தட்டினார். சாத்தாராக்காரருக்குக் கை நின்றுவிட்டது. நீட்ட வேண்டிய தூரத்தில் ஒரு முதுகு இருந்தது. ஒரு நொடி தயங்கினார். பிறகு அந்த முதுகில் ஓங்கி ஓர் அடி. "சே ஓகே!"

அப்பா திரும்பவில்லை. என் கல்யாணம் அங்கேயே முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இவரோ ஏதோ விளையாட்டு என்று நம்பிவிட்டார். பதற்றத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இந்தியும் பறந்துபோக, அப்பாவின் தோளில் உள்ளங்கை முழுக்கப் பதிய அடித்து, "அஞ்சு ஓகே!" என்று தமிழில் கத்தினார்.

சாத்தாராக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அப்பா நிமிர்ந்தார். "நாலு ஓகே!" அவரும் தமிழில். அந்த வீட்டில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. மூன்று, இரண்டு, ஒன்று, "கோ!" எல்லோரும் வாசலைத் தாண்டிக் குதித்தார்கள். இவரும் குதித்தார்.

இவரை அடுப்படிக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. நேரே போய் அப்பா முன் நின்றார். "தெரியாம நின்னுட்டனுங்க அங்கிள். மன்னிச்சிருங்க."

அப்பா சாம்பாரில் சோற்றைப் பிசைந்தார். "அவனும் தமிழ்லதான் சொல்வான். எத்தினி வாட்டி திட்டு வாங்கினாலும் அஞ்சுதான். பாஞ்ச்னு வாயில வராது அவனுக்கு" என்றார். "முப்பது வருஷமா எனக்குப் பின்னாடி யாரும் சொல்லல."

இந்தத் தடவை அப்பா கை கழுவ எழுந்து போகவில்லை.

"ஆனா அது அவன் இடம். அங்க யாரும் நிக்கக்கூடாது. அடுத்த வருஷம் நீ ஓரமா நின்னு, அவனுக்காகச் சொல்லு."

அடுத்த வருஷம் என்ற சொல் முதலில் அம்மாவின் காதில்தான் விழுந்தது. ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பின் கிண்ணத்தைக் கொண்டுவந்து இவர் தட்டில் இரண்டு கரண்டி வைத்தாள். ஜாதகம் அன்று சாயங்காலமே மேசையை விட்டுப் போனது.

அடுத்த டிசம்பரில் நாங்கள் புருஷன் பெண்சாதி. அன்றும் அவருக்கு ஆபீஸில் அவசர வேலை, நேரே அங்கிருந்து வந்தார். பன்னிரண்டு அடித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் வரிசையில் நின்றபடி, எண்ணைத் தொடங்காமல், அவருக்காகக் காத்திருந்தார்கள்.