இரண்டு காலிக் கட்டங்கள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு ஜூன் மாதம். பள்ளி திறந்த கையோடு எங்கள் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, பத்து நாள் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய்வரச் சொன்னார். அவர் கன்னியாஸ்திரி, நாங்கள் சிஸ்டர் என்போம். சிஸ்டர் எதையும் கெஞ்சுகிற மாதிரிதான் கேட்பார், ஆனால் அவரிடம் முடியாது என்று சொன்ன யாரையும் நான் பார்த்ததில்லை. திண்டுக்கல்லில் பெண்கள் மட்டும் படிக்கிற அந்தப் பள்ளியில் நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தாறு. கணக்குத் தெரிந்தவளுக்குக் கம்ப்யூட்டர் தானாக வந்துவிடும் என்று சிஸ்டர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயம். மவுஸைப் பிடித்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். திரையில் அந்த அம்புக்குறி ஓரத்துக்குப் போய் மறைந்துகொண்டால், எதையோ உடைத்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் என்னைவிட இருபது வயது இளையவர்கள். இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளை நடுங்க வைத்தவள், அங்கே சந்தேகம் கேட்கக் கையைத் தூக்க வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். சந்தேகம் கேட்காத பிள்ளைகளை எத்தனை முறை திட்டியிருப்பேன் என்பதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எங்கே அழுத்தினால் எது திறக்கும், திறந்ததை எப்படி மூடுவது, பாஸ்வேர்டு என்ன என்று வரிசையாக எண் போட்டு, அடிக்கோடிட்டு. இருபத்தேழாவது படி வரை போனது. புரியாமல் மனப்பாடம் செய்கிறவள் கணக்கில் உருப்பட மாட்டாள் என்று வகுப்பில் சொல்லுவேன். நான் செய்தது அசல் மனப்பாடம்.

பயிற்சி முடிந்து வந்ததும் எங்கள் வகுப்புக்கென்று இணையத்தில் இலவசமாக ஒரு பக்கம் தொடங்கினேன். பழைய கேள்வித்தாள்கள், முக்கியமான கணக்குகள், தேர்வு அட்டவணை எல்லாம் அதில் போட்டேன். பள்ளியில் அப்போது இணைப்பு கிடையாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கடையை நடத்தியது என் வயதுள்ள ஓர் அம்மா. சனிக்கிழமை தோறும் நோட்டும் கையுமாக அங்கே போய் உட்காருவேன். பெற்றோர் கூட்டத்தில் சிஸ்டர் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்து, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற அப்பாமார்கள் இனிமேல் அங்கிருந்தே பார்க்கலாம் என்று அறிவித்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. விடைத்தாள்களை விடுமுறை முடிந்துதான் கொடுப்போம். ஆனால் மதிப்பெண்களை மட்டும் முன்கூட்டியே பக்கத்தில் போட்டுவிடலாமே என்றார் சிஸ்டர். நானும் சரி என்றேன்.

முதல் நாள் முப்பத்தெட்டுப் பேரின் பெயர்களையும் கட்டம் கட்டமான பட்டியலில் அடித்து வைத்தேன். மறுநாள் மதிப்பெண் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து, எண்களை மட்டும் மேலிருந்து கீழாக விறுவிறுவென்று அடித்தேன். இங்கேதான் வினை. எங்கள் பள்ளியில் வகுப்பில் மதிப்பெண் வாசிக்கும்போது, தேர்வு எழுதாதவர்களின் எண்ணைச் சொல்வதில்லை. பதிவேட்டில் அவர்களுக்குச் சிவப்பு மையில் ஒரு குறி இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இருபத்து மூன்றாம் எண்ணுக்காரிக்கு அம்மை போட்டிருந்ததால் அவள் தேர்வு எழுதவில்லை. வாய் தாண்டிப் பழகியதை விரலும் தாண்டியது. அவளுக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கட்டத்தில் இருபத்து நான்காம் எண்ணின் மதிப்பெண் போய் உட்கார்ந்தது. இருபத்து நான்கின் கட்டத்தில் இருபத்தைந்தின் மதிப்பெண். அப்படியே கடைசி வரைக்கும் ஒவ்வொருத்தியின் மதிப்பெண்ணும் ஒரு கட்டம் மேலே ஏறிக்கொண்டது.

கடைசியில் இரண்டு கட்டங்கள் காலியாக நின்றன. நான் அதைக் கவனிக்காமல் இல்லை. அம்மை போட்டவள் ஒருத்தி, செப்டம்பரில் டி.சி. வாங்கிக்கொண்டு போன கடைசி எண்ணுக்காரி ஒருத்தி, ஆக மதிப்பெண் இல்லாதவர்கள் இரண்டு பேர், காலிக் கட்டமும் இரண்டு, சரியாக வருகிறது என்று திருப்தியோடு நோட்டை மூடினேன். அந்தக் கட்டங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்காத நான் ஒரு கணக்கு டீச்சர்.

ஜனவரியில் பள்ளி திறந்த திங்கட்கிழமை, முதல் பாடவேளை. விடைத்தாள் கட்டோடு உள்ளே நுழைந்தேன். முகத்தில் அம்மைத் தழும்பு மறையாத இருபத்து மூன்றாம் எண்ணுக்காரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் பரிச்சையே எழுதல. கம்ப்யூட்டர்ல எனக்கு நூத்தி எழுபத்திரெண்டு போட்டிருக்காம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரிக்கத்தான் வாயெடுத்தேன். சட்டென்று அந்த நூற்று எழுபத்திரண்டு யாருடையது என்று புரிந்தது. இருபத்து நான்காம் எண்ணுக்காரி என் வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய இடம் காலியாக இருந்தது.

அவளோடு ஒரே பேருந்தில் வருகிற பிள்ளை எழுந்து விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அப்பா சவுதியில் டிரைவர். அங்கே கூட்டாளி ஒருவரின் கடையில் எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். இருநூறுக்கு ஐம்பத்தெட்டு. தேறுவதற்கே எழுபது வேண்டும். புது வருஷத்தன்று போன் போட்டு, பிள்ளை படித்துக் கிழித்தது போதும், குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் விடுதியோடு வேலை இருக்கிறது, வியாழக்கிழமை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அன்று மத்தியானமே சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, அவளுடைய விடைத்தாளை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி ஒன்றரை மைல் நடை. வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என் கையால் திருத்திய தாள், சிவப்பு மையில் என் கையெழுத்து, மேலே நூற்று எழுபத்திரண்டு. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

அவளுடைய அம்மா வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சேலையை உதறிவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் விடைத்தாளை நீட்டி, தப்பு என்னுடையது, பிள்ளையுடையது இல்லை என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். அவர் தாளை வாங்கி மரியாதையாகப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீங்க இம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு டீச்சர். ஆனா அவுக நம்ப மாட்டாக. டீச்சர் பாவம் பாத்து வேற பேப்பரு எழுதிக் குடுத்திருப்பாங்கம்பாக. கம்ப்யூட்டருக்கு யாரு மேல பாவம்?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தப் பெட்டி சொன்னதெல்லாம் நான் சொன்னதுதான் என்று விளக்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் மாறினால் மட்டும் சொல்லுங்கள், புதன்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு போனுக்கு அவர் கூப்பிடுவார், அதற்குள் என்றால் பார்க்கச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மா. இந்தப் பேச்சு நடந்தபோது பிள்ளை ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவரோரம் ஒரு டிரங்குப் பெட்டி துடைத்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் சொம்பைத் தொடாமலே எழுந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். கரண்ட் இல்லை. எப்போது வரும் என்றால் கடைக்கார அம்மா கையை விரித்தார். மூச்சுமுட்டுகிற அந்தத் தடுப்பறையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாஸ்வேர்டை நூறு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தைத் திருத்தப் போய் மொத்தமும் அழிந்துவிட்டால்? புதிதாகப் போடுவது எப்படி என்று நோட்டில் இருந்தது. போட்டதைத் திருத்துவது எப்படி என்று இருபத்தேழு படியிலும் ஒரு வரி இல்லை. பயிற்சியில் அதைச் சொல்லித் தந்த அன்று எனக்குப் புரியவில்லை, கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது. வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, எனக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டார். இருபத்து மூன்றில் 'எழுதவில்லை' என்று அடித்தேன். இருபத்து நான்கில் நூற்று எழுபத்திரண்டு. இருபத்தைந்தில் கை நின்றுவிட்டது. அங்கே நூற்று முப்பத்தொன்று என்று இருந்தது. அவளுடைய நிஜ மதிப்பெண் அந்த ஐம்பத்தெட்டு. ஒரு வீட்டில் பிடுங்கிய தப்பை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைக்கிறோம் என்று இருந்தது. அந்த வீட்டிலும் ஓர் அப்பா இருப்பாரே என்ற பயம் வேறு. ஒருத்தியுடையதை மட்டும் மாற்றினால் சவுதியில் இருக்கிறவர் என்னைச் சந்தேகப்படுவார், அதோடு அது பொய்யும்கூட. ஐம்பத்தெட்டு என்று அடித்தேன்.

எல்லாம் முடித்து ஏற்றிவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் அதே பழைய பட்டியல். இருபத்து நான்குக்கு நேரே அதே ஐம்பத்தெட்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்கார அம்மா எட்டி ஒரு விசையை அழுத்தினார். அது பழசைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் டீச்சர், ஒருதரம் தட்டினால்தான் விடும் என்றார். பட்டியல் மாறியது. அவர் அதை ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்தார்.

புதன்கிழமை காலையில் இருபத்தைந்தாம் எண்ணுக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்சமும் கலங்கவில்லை.

"தெரியும் டீச்சர். நமக்கு அம்புட்டெல்லாம் வராதேன்னு அன்னைக்கே வீட்ல சொல்லிட்டேன்" என்றாள்.

இருபத்து நான்காம் எண்ணுக்காரியோடு பேருந்தில் வருகிற பிள்ளையிடம் அந்தப் பிரதியைக் கொடுத்து, அவளுடைய அம்மாவிடம் காட்டச் சொன்னேன். அன்று சாயங்காலம் சவுதியிலிருந்து போன் வந்ததா, அவர் பார்த்தாரா, பார்த்தவரின் திரையும் பழசையே பிடித்து வைத்துக்கொண்டிருந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு எண்ணை வாங்கி வர எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அன்று நான் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

வியாழக்கிழமை முதல் மணி அடித்தபோது இருபத்து நான்காம் எண்ணுக்காரியின் இடம் காலி. வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். இருபத்து மூன்று சொன்னேன். அடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. பதினெட்டாம் எண்ணுக்காரி ஜன்னல் வழியே கையைக் காட்டினாள். நான் தேடியவள் மைதானத்தில் ஓடிவந்துகொண்டிருந்தாள். பேருந்து தாமதமாம்.

வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்திக்கொண்டேன். அப்பா புதன்கிழமை இரண்டு தடவை பார்த்தாராம், கூட்டாளியை விட்டும் பார்க்கச் சொன்னாராம், கடைசியில் பள்ளிக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு உயிர் வந்தது. வந்தவுடன் என் குணமும் கூடவே வந்துவிட்டது. எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டவள் நீ, ஐம்பத்தெட்டு வராது என்று உனக்குத் தெரியாதா, வாயைத் திறந்து சொல்வதற்கென்ன, நேற்று வரைக்கும் கம்ப்யூட்டரையே பார்க்காதவர்கள் எல்லாரும் சேர்ந்து அதை இப்படியா நம்புவீர்கள் என்று கடுகடுத்தேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அப்பாதான் கம்ப்யூட்டர நம்புனாரு டீச்சர். நான் அத நம்பல. நீங்க போட்டிருக்கீங்க, அப்ப நான்தான் எங்கயோ தப்பு விட்டிருப்பேன்னு நெனச்சேன்."

நான் மேஜை மேலிருந்த சாக்பீஸ்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். பிறகு அவளுடைய விடைத்தாளைக் கொடுத்து, கூட்டிப் பார் என்றேன். வேண்டாம் டீச்சர், சரியாத்தான் இருக்கும் என்றாள். என் எதிரிலேயே கூட்டு என்று அதட்டினேன். அவள் பயந்துபோய்ப் பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.