ஈரச் சுவரும் எங்கட எஞ்சினியரும்

முழங்கால் ஒப்பரேஷன் முடிஞ்சு வந்த எனக்கு, பாத்ரூமில பிடிச்சு எழும்ப ஒரு கம்பி தேவைப்பட்டது. நாலு ஓட்டை, நாலு ஸ்குரூ ஆணி, ஒரு மணித்தியால வேலை. ஆனா நான் கலியாணம் கட்டினது ஒரு எஞ்சினியரை.

"ட்ரில் போட்டா டைல்ஸ் வெடிக்கும்" எண்டார். "இப்ப மைக்ரோவேவால துளைக்கிறாங்கள். சத்தமில்லை, தூசியில்லை. சுவரில ஒரு சின்ன இடத்தை மட்டும் உருக்கி, அதுக்குள்ள மெல்லிய கம்பி ஒண்டைத் தள்ளித் துளைக்கிறது."

குசினியில முதல்நாள் புட்டைச் சூடாக்கிற பெட்டியைப் பாத்தன். இதைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போகப்போறாரோ எண்டு உண்மையாப் பயந்தனான். பிறகுதான் விளங்கினது, அந்த மெஷின் ஏதோ வெளிநாட்டு ஆய்வுகூடத்தில இருக்கிறதெண்டு. "இங்கயும் வரும்" எண்டார்.

வருமட்டும் மனுசன் சும்மா இருப்பாரே? எங்கட லிங்கநகர் வீடு கழுவாத கடல் மணலில கட்டினது. அந்த உப்புக்குக் கோடையிலயும் சுவர் வேர்க்கும். ஈரச் சுவரைச் சூடாக்கினா உள்ளுக்குள்ள தண்ணி ஆவியாகி வெடிக்குமாம். அதால, வராத மெஷினுக்காகச் சுவரைக் காய வைக்கத் தொடங்கினார். பாத்ரூம் வாசலில மேசை ஃபேன். நான் சுவரில தெறிக்காமல் குளிக்கோணும். குளிச்சு முடிய, வந்து விரலால தொட்டுப் பாப்பார். என்ர முழங்காலை டொக்டர்கூட அவ்வளவு பக்குவமாத் தொடேல்லை. விசர்க் கூத்து.

சுவர் காய வைக்கத் தொடங்கி ஏழாம் மாசம், அந்த ஃபேன் வயர் தடக்கி விழுந்தன். இடது மணிக்கட்டு முறிஞ்சது. அவர் ஓடி வந்து, வாசலில நிண்டு எட்டிப் பாத்து, "நல்ல காலம், டைல்ஸுக்கு ஒண்டுமில்லை" எண்டார். எனக்கு வந்த கோபத்தில நோவுகூடத் தெரியேல்லை.

என்னட்டப் படிச்ச ஒருத்தர் கிண்ணியாவில மேசன். அவருக்கு நானே கோல் எடுத்தன். அடுத்த நாள் ட்ரில்லோட வந்தார். எங்கட எஞ்சினியர் அளவு நாடாவோட முன்னுக்கு நிண்டு, ஈரப்பதன், அலைநீளம் எண்டு வகுப்பெடுத்தார். மேசன் "ஓம் சேர், ஓம் சேர்" எண்டு பொறுமையாக் கேட்டுப்போட்டு, என்ர பக்கம் திரும்பினார்.

"டீச்சர், விழக்குள்ள உங்கட கை எவடத்தைத் தேடினது?"

காட்டினன். அதில பென்சிலால ஒரு கோடு போட்டார்.

ஏழு மாசத்தில அந்தச் சுவரைப் பற்றி என்னட்டக் கேட்ட முதல் கேள்வி அது.