மாதாவுக்கு முன்னால் பாரம் வைக்கக் கூடாது

லண்டனில் மிச்சம் என்ற ஊரில் சவிரிமுத்துவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய கரவனைத் தெரியாதவர்கள் இல்லை. சக்கரம் பூட்டிய அந்த வெள்ளை வீடு, அவருடைய உண்மையான வீட்டின் முன்னறை யன்னலை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றது. அதை இழுப்பதற்கென்றே வாங்கிய டீசல் பிக்கப், தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. இவை இரண்டும் வந்த நாளிலிருந்து முன்னறையில் பகலிலும் லைற் போட வேண்டியிருந்தது. சவிரிமுத்து இதைக் குறையாக எடுக்கவில்லை. ஒரு மனிதன் உயரும்போது அவன் வீட்டுக்குள் கொஞ்சம் இருட்டு வரத்தான் செய்யும் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

"அண்ணை, வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போகப்போறியள். மோட்கேஜும் பின்னால வருமோ?" என்று பக்கத்து வீட்டுக் கிருஷ்ணராசா மதிலுக்கு மேலால் கேட்டார்.

"சிரியும், சிரியும். பஸ் ஓடினவனுக்கு இதெல்லாம் ஒரு வண்டிலோ?"

இந்தப் பதிலில்தான் சவிரிமுத்துவின் வாழ்க்கை வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. மன்னாரில் பிறந்தார். அகதியாக வந்தார். பெற்றோல் ஸ்ரேசனில் நின்றார், கோழி பொரித்தார், கடைசியில் சிவப்பு நிற இரட்டைத்தட்டு பஸ் ஒன்றின் சுக்கானுக்குப் பின்னால் அமர்ந்தார். முடி நரைத்து, ஓய்வு பெறும்வரை எழும்பவில்லை. அத்தனை காலத்தில் ஒரு பக்கக் கண்ணாடியைக்கூட அவர் உடைத்ததில்லை. சில சைக்கிள்காரர்களை உடைக்க வேண்டும் என்று தோன்றிய காலைகள் உண்டு; அவை மனத்தோடு சரி. போதாக்குறைக்கு, பாரமான ட்ரெயிலர் இழுக்க இனித் தனி ஓட்டுநர் சோதனை எடுக்கத் தேவையில்லை என்று அரசாங்கமும் சட்டத்தை மாற்றியிருந்தது. சவிரிமுத்து அதைத் தமக்குத் தனிப்பட்ட முறையில் கிடைத்த நற்சான்றிதழாகவே எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்குத் தலையும் வாலும் ஒரே உடம்பு என்பதும், கரவனின் வாலுக்குச் சொந்தமாக ஒரு மனம் உண்டு என்பதும் அவருக்குப் பிறகுதான் விளங்கின.

கரவன் வந்தது உல்லாசத்துக்கு அல்ல. மாசி மாதம் அவருடைய மனைவி கத்தரினுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு, கம்பிவலை வைத்து இரத்தக் குழாயைத் திறந்தார்கள். வெளியே நின்ற சவிரிமுத்து, பதற்றத்தில் இருக்கும் எவரையும் போலப் பேரம் பேசினார். 'மாதாவே, அவளை வீட்டுக்கு அனுப்பிவிடு. ஆடித் திருவிழாவுக்கு வால்சிங்கத்துக்கு நானே, என்ரை கையாலை ஓட்டி, அவளைக் கூட்டிக்கொண்டு வாறன். வாற சனத்துக்கு ஒரு நேரச் சோறும் போடுறன்.' வால்சிங்கம் இங்கிலாந்தின் மாதா திருத்தலம். மன்னார்ச் சனம் ஊரில் மடு மாதாவின் திருவிழாவுக்குப் போனால் கோயிலைச் சுற்றிக் கொட்டில் போட்டு, அடுப்பு மூட்டி, நாள்கணக்கில் தங்கும். இங்கிலாந்துப் புல்வெளியில் கொட்டில் போட்டால் பொலிஸ் வரும். ஆகையால் கரவன்.

மாதா தன் பங்கைத் தாமதமின்றிச் செய்துவிட்டாள். கத்தரின் வீட்டுக்கு வந்தாள். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முட்டையை வைத்திருப்பவளைப் போல நடந்தாள். படிக்குப் பயம், போன் அடித்தால் பயம், கதவு அடித்துச் சாத்தினால் பயம். வால்சிங்கத்துக்கு வர அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தாள்.

"எனக்கு ஒண்டையும் ஒளிக்கக் கூடாது. சரியெண்டால் சரி எண்டு சொல்லுங்கோ, இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் வாகனத்தை நம்பி ஏறேல்லை. உங்களை நம்பித்தான் ஏறுறன்."

"ஓம், ஓம்," என்றார் சவிரிமுத்து. வாக்குறுதிகளை அவர் எப்போதும் இரண்டிரண்டாகவே கொடுப்பார்.

திருவிழா நாள் காலையில் கரவன் பங்குக் கோயில் வளவில் நின்றது. கத்தரினின் தங்கை பெனிற்றா மாதா கமிட்டியின் தலைவி. போப்பாண்டவருக்கு அடுத்த பதவி அது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பவனிக்குரிய மாதா சுரூபம் கரவனில்தான் போக வேண்டும் என்று அவள் தீர்ப்பளித்திருந்தாள். சுரூபம் பாரமில்லை, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோதுதான். அதைக் கரவனின் நடுவில், போகும் திசையைப் பார்த்தபடி நிறுத்தி, பட்டுத்துணியால் கட்டினார்கள்.

பிறகு சாமான்கள் வந்தன. சோறு வடிக்கும் பெரிய கிடாரம், அரிசி மூட்டைகள், பருப்பு, மடக்குக் கதிரைகள், பாடகர் குழுவின் ஸ்பீக்கர். 'கரவன்தானே, இடமிருக்கு' என்று ஆளாளுக்கு ஒவ்வொன்றைக் கொண்டுவந்து ஏற்றினார்கள்.

சவிரிமுத்து அரிசி மூட்டையொன்றை முன்பக்கம் தூக்கிக்கொண்டு போனார். கரவனோடு வந்த புத்தகத்தை அவர் வாசித்திருந்தார். பாரம் சக்கரங்களுக்கு மேலே இருக்க வேண்டும், பிக்கப்பில் கொழுவி இழுக்கும் மூக்குப்பக்கம் கொஞ்சம் அழுத்த வேண்டும், வாலில் பாரம் ஏறவே கூடாது.

"அத்தான்! எங்கை கொண்டுபோறியள்? மாதாவுக்கு முன்னாலை சாமான் வைக்கக் கூடாது!"

"பெனிற்றா, பின்னாலை பாரம் கூடினால் ஓடேக்கை ஆடும்."

"மாதா உள்ளுக்கை இருக்கேக்கை என்னெண்டு ஆடும்?"

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. சுற்றிலும் பங்குச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. இறையியலில் தோற்ற சவிரிமுத்து மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோய் வாலில் வைத்தார். மாதாவின் முன்னால் ஒரு கலியாணம் வைக்கலாம் போல இடம் வெறுமையாகக் கிடந்தது. அவளுக்குப் பின்னால், வால்பக்க யன்னல்வரை, கிடாரமும் அரிசியும் கதிரைகளும் நெருக்கிக்கொண்டு நின்றன. கொழுவுவதற்காகக் கரவனின் மூக்கைத் தூக்கினார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியது ஒரு கைக்கே எழும்பி வந்தது. வால் கனத்துவிட்டது என்பது விளங்கியும் கொழுவினார்.

"எல்லாம் சரியோப்பா?" என்று கத்தரின் முன் சீற்றிலிருந்து கேட்டாள்.

"ஓம், ஓம். சரி."

மோட்டர்வேயில் ஏறி, லண்டன் பின்னால் மறையும்வரை எல்லாம் ஒழுங்காகவே போனது. ஒரு நீண்ட இறக்கத்தில் பெரிய லொறியொன்று பக்கத்தால் கடந்து போனது. அதன் காற்று கரவனைத் தள்ளிவிட்டது. வால் இடப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கம். பிறகு இன்னும் கூடுதலாக இடப்பக்கம். வாலின் ஒவ்வொரு வீச்சிலும் பிக்கப்பின் பின்புறம் சேர்ந்து இழுபட்டது. பிறேக்கில் கால் வைக்காதே, வேகத்தைத் தானாகக் குறையவிடு என்றிருந்தது புத்தகம். சவிரிமுத்துவின் காலோ பஸ்காரரின் கால். ஆபத்து என்றால் அதற்குப் பிறேக் ஒன்றுதான் தெரியும். மிதித்தார். கரவன் பக்கக் கண்ணாடி முழுவதையும் நிறைத்துக்கொண்டு வந்தது. பின் சீற்றில் பெனிற்றா 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கி, மேலே போக முடியாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கத்தரின் கத்தவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சில் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள். அதைக் கண்டதும்தான் அவர் காலை எடுத்தார். சுக்கானை நேரே பிடித்தபடி காத்திருந்தார். வால் ஒருமுறை ஆடி, மறுமுறை ஆடி, மனமில்லாமல் அடங்கியது.

மோட்டர்வே ஓரத்துச் சாப்பாட்டுக் கடைகள் உள்ள அடுத்த சேர்விஸில் நிறுத்தினார். பங்குச் சனம் ஏறிவந்த கோச் பஸ்ஸும் காலைச் சாப்பாட்டுக்கு அங்கேதான் வருவதாக இருந்தது. பெனிற்றா இறங்கி, புல்லில் குந்தி, தண்ணீர் குடித்தாள். கத்தரின் கதவைத் திறக்காமல் இருந்தாள்.

"நெஞ்சுக்கு என்ன செய்யுது?"

"நெஞ்சு இருக்குது. அங்கை ஏத்தேக்கையே உங்களுக்குத் தெரியுமோ?"

சவிரிமுத்து சுக்கானைப் பார்த்தார். பஸ் கொம்பனியின் விசாரணைகளிலெல்லாம் நிமிர்ந்து பதில் சொன்ன மனிதர் அவர்.

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ சரியெண்டு சொன்னனீங்கள்?"

"சனத்துக்கு முன்னாலை... பெனிற்றா..."

"பெனிற்றாவுக்குப் பயந்தனீங்கள். எனக்குப் பயப்படேல்லை."

அவள் திட்டியிருந்தால் நல்லது என்று அவருக்கு இருந்தது.

கோச் வந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு பொதுச்சங்கமே கூடியது. சாமானை முன்னுக்கு மாற்ற வேண்டும் என்பதில் இப்போது எல்லோருக்கும் சம்மதம். மாதாவுக்கு முன்னால் எப்படி வைப்பது என்பதில்தான் சிக்கல். மாதாவை வால்பக்க யன்னலடிக்குக் கொண்டுபோய், பின்னால் பார்க்கத் திருப்பிவைத்தால் சாமான் எல்லாம் அவளுடைய முதுகுக்குப் பின்னால் வந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

"திருவிழாவுக்குப் போற மாதா, போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டோ போறது?" என்று பெனிற்றா சீறினாள்.

கத்தரின் அப்போதுதான் பிக்கப்பை விட்டு இறங்கினாள். "பின்னாலை வாற சனம் அவவுக்குச் சனமில்லையோ? திருப்புங்கோ."

திருப்பினார்கள். கிடாரம் முன்னுக்குப் போனது, அரிசி சக்கரங்களுக்கு மேலே போனது, ஸ்பீக்கரும் கதிரைகளும் கோச்சின் வயிற்றுக்குள் போயின. சவிரிமுத்து மூக்கைத் தூக்கிப் பார்த்தார். இந்த முறை முதுகு வளைந்தது. அந்த நோவு அவருக்கு ஆறுதலாக இருந்தது. முன் சீற்றுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

கத்தரின் கைப்பையை எடுத்துக்கொண்டு கோச்சில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் பெனிற்றாவும் ஏறினாள்.

இரட்டைத்தட்டு பஸ் நிறையச் சனத்தை ஏற்றி இறக்கிய மனிதர், பக்கத்துச் சீற்று வெறுமையாகக் கிடக்க மோட்டர்வேயில் ஏறினார். பின்னால் வந்த கார்கள், யன்னலில் தங்களையே பார்த்துக்கொண்டு நின்ற நீலச்சேலைப் பெண்மணியைக் கண்டு மரியாதையாகத் தள்ளி வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் கோச். அவருடைய வேகத்துக்கு அது எப்போதோ முந்திப் போயிருக்கலாம். போகவில்லை.

பிக்கப்பின் ஸ்பீக்கரில் போன் அடித்தது. கத்தரின்.

"மாதா நேரா நிக்கிறா. கோச்சின்ரை முன் சீற்றிலை இருந்து பாத்துக்கொண்டுதான் வாறன்."

"கத்தரின், நேர்த்தி என்ன மாதிரி? நான் என்ரை கையாலை ஓட்டி உம்மைக் கூட்டிக்கொண்டு போறதெண்டெல்லோ..."

"அதை அங்கை போய் அவவோடை கதையுங்கோ. இப்ப றோட்டைப் பாருங்கோ. ஆடுதோ?"

"இல்லை." கொஞ்சம் பொறுத்து, "லொறி போகேக்கை கொஞ்சம் ஆடுது," என்றார்.

"எத்தினையிலை போறியள்?"

"அம்பது மைல்."

"உண்மையோ?"

சவிரிமுத்து குனிந்து வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தார்.

"அம்பத்தி மூண்டு."



"அந்த மூண்டைக் குறையுங்கோ," என்றாள் கத்தரின்.

அவர் குறைத்தார். போனை இருவரும் வைக்கவில்லை.